கிணற்றில் உப்பு ஏறும்போது: ஆலைக் கழிவின் தடத்தைப் பதிவுசெய்து முறையிடும் வழி

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆறு சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய படங்களைத்தான் எல்லோரும் முதலில் காட்டுகிறார்கள். அந்தப் படங்கள் பொய்யல்ல. ஆனால் அந்தக் கரையின் வேளாண்மையைக் கெடுத்தது நிறம் அன்று, உப்பு. இந்த வேறுபாடு புரியாமல் எழுதப்படும் மனுக்களே அலுவலகங்களில் எளிதாக முடித்துவைக்கப்படுகின்றன. ஆகவே, சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை போன்றவற்றின் கழிவு தம் கிணற்றிலோ ஓடையிலோ கலப்பதாக ஐயுறும் ஒருவர் எதை அளக்க வேண்டும், எப்படிப் பதிவுசெய்ய வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதை நொய்யலின் அனுபவத்தை முன்வைத்து இங்கே விளக்குகிறேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது

பருத்தித் துணிக்குப் போடப்படும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறுவதில்லை. சாயத்தைக் குளியல் நீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளுவதற்குச் சோடியம் குளோரைடு எனும் சாதாரண உப்போ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது, அலசும் நீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூரில் தொடக்க காலத்தில் அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட், குளோரின் ஆகியவற்றைக் கொண்டு நிறத்தையும் கசடையும் நீக்கின. கரைந்திருந்த உப்பை அவற்றால் தொட முடியவில்லை. தெளிந்து ஓடிய அந்த நீரைப் பார்த்தவர்கள் சிக்கல் தீர்ந்ததாக நினைத்தார்கள்; பாய்ச்சியவர்களுக்குத்தான் உண்மை தெரிந்தது.

சோடியம் மண்ணுக்குச் செய்வது தனிக் கதை. களிமண் துகள்களைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்வதால் மண்ணின் கட்டுக்கோப்பு குலைந்து, மேலே ஓடு போல இறுகிவிடுகிறது. தண்ணீர் கீழே இறங்காமல் தேங்குகிறது. வாழை, மஞ்சள் போன்ற பயிர்கள் முதலில் இலை ஓரம் கருகத் தொடங்கும். உப்பை ஓரளவு தாங்கும் தென்னைகூடப் பிற்பாடு குரும்பை கொட்டத் தொடங்கும். ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களின் பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், திறக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கிகளும் நிறுவி உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. இன்று புகாருக்கு உள்ளாகிறவற்றில் கணிசமானவை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியான இசைவாணை பெறாமல் குடோன்களிலும் தோட்டத்து வீடுகளிலும் மறைவாக நடக்கும் சிறு பட்டறைகள். பட்டன், ஜிப் ஆகியவற்றுக்குச் சாயமேற்றும் இடங்களும் இவற்றில் அடங்கும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கைபேசியில் எடுத்த ஒரு காணொளியைவிட ஓராண்டு விடாமல் எழுதிய நோட்டுப் புத்தகம் வலிமையானது என்பது என் உறுதியான கருத்து. காணொளி ஒரு நாளைக் காட்டும். அந்த ஒரு நாளுக்கு மழை, சாக்கடை, வேறு ஊரார் என்று ஆயிரம் விளக்கம் சொல்லிவிடலாம். அறுபது நாள் எண்களுக்கு அப்படி விளக்கம் சொல்வது கடினம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதை ஒரு மாற்றெண்ணால் பெருக்கி, கரைந்துள்ள மொத்த உப்பின் அளவை பிபிஎம்மில், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்த மாற்றெண் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மீட்டரையே பயன்படுத்த வேண்டும். இடையில் மாற்ற நேர்ந்தால் இரண்டாலும் ஒரே நீரை அளந்து வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். இந்தக் கருவி உப்பை மட்டுமே அறியும் என்பதையும் மறக்கக் கூடாது. குரோமியமோ, சாயமோ, நோய்க்கிருமியோ நீரில் இருப்பதை இது சொல்லாது. ஆகவே இது குறைந்த எண்ணைக் காட்டினால் நீர் குடிக்கத் தக்கது என்று பொருளாகாது.

வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளங்கள். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்த நீரை அளக்க வேண்டும். குழாயில் நின்ற நீர் கிணற்றின் நிலையைக் காட்டாது. திறந்த கிணறானால் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கோடையில் மட்டம் இறங்கும்போது உப்பு தானாகவே கூடும் என்பதால், மட்டத்தைக் குறிக்காத எண்ணை மறுப்பது எளிது. ஒவ்வொரு வரியிலும் நாள், நேரம், இடம், நீர்மட்டம், டிடிஎஸ் அளவு, அன்றோ முந்தைய நாளோ மழை பெய்ததா என்பது, நிறம், நாற்றம், அளந்தவர் கையொப்பம் ஆகியவை இருக்கட்டும்.

உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. கொங்குப் பகுதியின் பல ஊர்களில் பாறைக்கடியிலிருந்து வரும் நீர் இயல்பிலேயே உப்புக் கரிக்கும். சப்பைத் தண்ணீர் என்று மக்கள் சொல்வது பட்டறைகள் வருவதற்கு முன்பே இருந்த சொல். அதிகாரியோ எதிர்த்தரப்போ முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். எனவே ஓடையிலிருந்து விலகி மேட்டுப் பகுதியில் உள்ள இரண்டு கிணறுகளையும், ஓடையை ஒட்டிய மூன்று கிணறுகளையும், ஓடையின் நீரையும் சேர்த்தே அளந்துவாருங்கள். ஓடை நீரைக் கழிவு கலப்பதாக ஐயுறும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் என இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். மேட்டுக் கிணறு ஆண்டு முழுதும் 900ஐ ஒட்டியே நிற்க, ஓடையோரக் கிணறு 1,400, 2,200, 3,100 என்று ஏறினால், அந்த ஒப்பீடே பாதி வழக்கு. அக்கம்பக்கத்து விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு கிணற்றைப் பொறுப்பேற்றால் வேலையும் குறையும், பிற்பாடு சாட்சியும் கூடும்.

ஓடை நீரை எப்போது பார்ப்பது என்பதில் சிறிது சூட்சுமம் இருக்கிறது. கள்ளத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுபவர்கள் நடுப்பகலில் திறப்பதில்லை. மழை பெய்யும் இரவும் விடுமுறை நாளின் பின்னிரவும்தான் அதற்கு வாகான நேரம். மழைநீர் கழிவை நீர்த்துப்போகச் செய்யும், நிறத்தையும் மறைக்கும். இயல்பாக மழை பெய்தால் ஓடையின் டிடிஎஸ் குறைய வேண்டும். மழைக்கு மறுநாள் காலை அது கூடியிருந்தால், அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். ஆனால் நள்ளிரவில் தனியாக ஓடையருகே போகாதீர்கள். எந்த ஆலையின் சுற்றுச்சுவருக்குள்ளும் நுழையாதீர்கள். அத்துமீறி நுழைந்தார் என்ற ஒரு புகார் போதும், உங்கள் ஓராண்டு உழைப்பு வேறு திசைக்குத் திருப்பப்பட்டுவிடும்.

நுரையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஆற்றில் பொங்கும் நுரையில் வீட்டுச் சாக்கடையோடு வரும் சலவைத்தூளுக்கும் பங்குண்டு. நொய்யல் கோவை, திருப்பூர் ஆகிய இரு மாநகரங்களின் கழிவுநீரையும் சுமந்தே வருகிறது.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புதல்

மீட்டரின் எண்கள் ஐயத்தை உறுதிப்படுத்தியதும், ஆய்வகப் பரிசோதனைக்குப் போகலாம். மாவட்டத் தலைநகரங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு குடிநீரைச் சோதிக்கின்றன. வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக்கூடங்களில் பாசன நீரையும் மண்ணையும் கொடுக்கலாம். குரோமியம் போன்ற உலோகங்களுக்கு, தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் சான்று பெற்ற தனியார் ஆய்வகத்தை நாடுவது நல்லது.

இரண்டு லிட்டர் பிடிக்கும் புதிய பிளாஸ்டிக் கேனை எடுத்து, சோதிக்கப்போகும் அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு, காற்று நிற்காதபடி விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். குளிர்பானம் இருந்த பாட்டில் வேண்டாம். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் சில துளிகள் விட்ட தனிப் புட்டியை ஆய்வகமே தரும். எண்ணெய்ப் பசையைச் சோதிக்கக் கண்ணாடிப் புட்டி தேவை. நீரில் அழுகும் பொருள் எவ்வளவு என்று காட்டும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனும் பிஓடி சோதனைக்கான நீரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும், தாமதித்தால் அளவு மாறிவிடும். இடம், நாள், நேரம் எழுதிய சீட்டைக் கேனில் ஒட்டி, மாதிரி எடுப்பதை இரண்டு பேர் உடனிருந்து பார்த்ததாகக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். ஊராட்சி மன்றத் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ உடன் வந்தால் இன்னும் நல்லது; பெரும்பாலும் வரமாட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை.

எதையெல்லாம் சோதிக்கச் சொல்வது என்பதே இதில் முக்கியம். எல்லாவற்றையும் சோதித்தால் செலவு கைமீறும். சாயக்கழிவு என்று ஐயமிருந்தால் கார அமில நிலை, டிடிஎஸ், குளோரைடு, சல்பேட், சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகிய ஏழும் போதுமானவை. இயற்கையான உப்பு நீரில் பொதுவாகக் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கூடும், அதாவது கடினத்தன்மையும் ஏறும். சாயக்கழிவு கலந்த நீரில் சோடியமும் குளோரைடும், அல்லது சோடியமும் சல்பேட்டும், மற்றவற்றை விஞ்சி எகிறி நிற்கும். நிலத்தின் உப்பா பட்டறையின் உப்பா என்று பிரித்துக் காட்டுவதற்குச் சாதாரண மனிதர் கையில் இருக்கும் சிறந்த கருவி இந்த விகிதம்தான். கூடவே நைட்ரேட்டும் மிகுதியாக இருந்தால் சாக்கடையையோ உரத்தையோ ஐயுற வேண்டும்.

தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பாலாற்றுப் பக்கம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் இருப்பவர்கள் மொத்தக் குரோமியத்தையும் சல்பைடையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அங்கே உப்பு வருவது வேறு வழியில். பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு, பதனிடுமுன் ஊறவைத்து அலசும்போது நீரோடு போய்விடுகிறது. முடி நீக்கச் சேர்க்கும் சல்பைடு அழுகிய முட்டை நாற்றத்தைத் தருகிறது. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு விடப்பட்டது. ஆலை மூடப்பட்டால் அதன் கழிவும் போய்விடும் என்று எண்ணுபவர்கள் அந்த வளாகத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அறிக்கை வந்ததும் எந்த அளவுகோலோடு ஒப்பிடுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு வேறு, ஆலை வெளியேற்றும் நீருக்கான அளவு வேறு. குடிநீரில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு இந்த இரு எல்லைகள் 250, 1,000. மொத்தக் குரோமியம் 0.05க்கு மேல் கூடவே கூடாது. இவை எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஆறு, ஓடை போன்ற நீர்நிலைகளில் விடப்படும் ஆலை நீருக்குப் பொது விதிகளின்படி கார அமில நிலை 5.5 முதல் 9 வரையும், பிஓடி 30க்குள்ளும், வேதி ஆக்சிஜன் தேவை 250க்குள்ளும், மொத்தக் குரோமியம் 2க்குள்ளும் இருக்க வேண்டும். உங்கள் கிணற்று நீரை இந்த இரண்டாம் வகை எண்களோடு ஒப்பிட்டு, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் எழுதப்பட்டால் ஏமாந்துவிடாதீர்கள். மேலும், கழிவுநீரை வெளியேற்றவே கூடாது என்ற நிபந்தனையோடு இயங்கும் பட்டறைக்கு வரம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாய்க்காலில் அதன் நீர் கசிந்தாலே மீறல்தான்.

மனுவும் அதன் பயணமும்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, ஆலையின் கழிவை மாதிரி எடுக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 21ஆம் பிரிவால் தரப்பட்டுள்ளது. வாரியம் எடுக்கும் மாதிரியே அந்தப் பிரிவில் சொல்லப்பட்ட முறைப்படி எடுக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, குறித்த ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டால்தான் அதன் முடிவு சட்ட நடவடிக்கையில் சான்றாக ஏற்கப்படும். எனவே நீங்கள் சேர்த்த எண்களும் அறிக்கையும் ஆலையைத் தண்டிப்பதற்கான சான்றுகள் அல்ல. வாரியத்தைக் களத்துக்கு வரவழைப்பதற்கான காரணங்கள். மனுவின் கோரிக்கையும் அதற்கேற்ப அமைய வேண்டும். 'ஆலையை மூட வேண்டும்' என்று தொடங்கும் மனுவைவிட, 'இன்ன புல எண்ணுக்கு அருகிலுள்ள ஓடையில் இன்ன நாட்களில் இன்ன அளவு பதிவாகியுள்ளது. 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுத்து அதன் முடிவை மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று கேட்கும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மனுவை வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு முகவரியிட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ நேரில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். கழிவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தால் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். விதி மீறும் ஆலையை மூடவும் அதன் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரம் அதே சட்டத்தின் 33ஏ பிரிவால் வாரியத்துக்கு உண்டு.

மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் போடுங்கள். அந்த ஆலைக்கு வழங்கப்பட்ட இசைவாணையின் நகல், அதில் அனுமதிக்கப்பட்ட உற்பத்தி அளவும் கழிவுநீர் அளவும், கடந்த மூன்றாண்டுகளில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் முடிவுகள், உங்கள் மனுமீது எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அப்படி ஓர் ஆலைக்கு இசைவாணையே வழங்கப்படவில்லை என்று பதில் வந்தால், அந்த ஒரு தாள் உங்கள் எண்கள் அனைத்தையும்விடப் பெரியது.

இவற்றுக்கு அசையாத இடத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வழக்கறிஞர் இல்லாமல் நேரில் வாதிடவும் சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், இழப்பீடு கேட்டால் அந்தத் தொகையில் ஒரு விழுக்காடு. நாள் கணக்கில்தான் பலர் தவறவிடுகிறார்கள். மாசைத் தடுக்கக் கோரும் விண்ணப்பத்தைச் சிக்கல் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீடு கோருவதை ஐந்து ஆண்டுக்குள்ளும் கொடுக்க வேண்டும். போதிய காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாட்கள் மட்டும் கிடைக்கும். வாரியத்தின் பதிலுக்காக ஓராண்டு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு வருபவர் முதல் கதவு சாத்தப்பட்டிருப்பதைக் காண்பார்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் நிலைநாட்டியது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம், பின்னாளில் நொய்யல் படுகையின் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தீர்மானித்தது. ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாயைத் தொடாத தொகை; ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூட அது போதாது என்பது வேறு. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை வலியுறுத்தியிருக்கிறது. இத்தகைய தொகை வரும் காலத்தில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டுமானால், பட்டா சிட்டாவோடு, கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலும் சரியாக இருக்க வேண்டும். பயிர் கருகிய பருவத்திலேயே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, என்ன பயிர் வைத்தீர்கள், என்ன ஆயிற்று என்பதை அடங்கலில் பதியச் செய்து நகல் வாங்குங்கள். தரிசு என்று மூன்றாண்டு பதிவான நிலத்துக்கு என்ன இழப்பு என்ற கேள்விக்குப் பிறகு விடை சொல்ல முடியாது.

இதற்கிடையே வீட்டில்

ஐயத்துக்குரிய நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது. நீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் வரும்வரை ஊராட்சியிடம் லாரித் தண்ணீர் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். அந்த மனுவும் பிற்பாடு ஓர் ஆவணமாகும். கால்நடைகளையும் ஓடையில் விடாதீர்கள். உப்பு ஏறிய வயலுக்கு ஜிப்சம் போடலாம் என்று யாரேனும் சொன்னால், மண்ணைச் சோதித்து அளவைத் தெரிந்துகொண்ட பின்னரே போடுங்கள். நல்ல நீர் பாய்ச்சி வெளியேறிய சோடியத்தை வடித்துவிட வழியில்லாத நிலத்தில் ஜிப்சம் பயன் தருவதில்லை.

கழிவு நிறுத்தப்பட்ட பிறகும் அளப்பதை நிறுத்த வேண்டாம். பாறை இடுக்குகளில் தங்கிய உப்பு பல பருவமழைகளுக்குப் பிறகே மெல்ல இறங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் எடுக்கும் அளவை முந்தைய ஆண்டின் அதே அளவோடு ஒப்பிடுங்கள். அது இறங்கிக்கொண்டே வந்து, ஒரு மழைக்குப் பின் திடீரென ஏறினால், நோட்டின் புதிய பக்கத்தைத் திருப்பி அந்த நாளை எழுதத் தொடங்குங்கள்.